வட்டமுகத்தார் அளந்த திமிர்

முன்பொரு காலத்தில், அதாவது தார்ச் சாலையும் வெயிலும் இப்போது இருப்பதைப் போலவே இருந்த ஒரு காலத்தில், கரிசல் காட்டு வழியே ஒரு மோட்டார் சைக்கிள் தினமும் போய்க்கொண்டிருந்தது. எல்லா மோட்டார் சைக்கிளையும் போல அதற்கும் இரண்டு டயர்கள்.

பின் டயர் சுமந்தது. வண்டிக்காரர் செண்பகராஜைச் சுமந்தது, அவருக்குப் பின்னால் உட்காரும் மனைவி சண்முகத்தாயைச் சுமந்தது, இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்ட சேவு டின்களைச் சுமந்தது. முன் டயர் முன்னால் போனது. அதன் வேலை அவ்வளவுதான் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். ஆகவே திருப்பங்களில் திரும்பவும் செய்தது என்று சேர்த்துக்கொள்வோம்.

செண்பகராஜும் சண்முகத்தாயும் வீட்டிலேயே காரச்சேவு போட்டு, ஊர் ஊராகப் போய் டீக்கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள். காலையில் கிளம்பினால் வெயில் இறங்கும்போதுதான் வீடு. இவ்வளவு ஓடுகிற வண்டிக்குக் காற்று பார்க்க வேண்டாமா? பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அது எப்போது பார்த்தாலும் ‘பழுது’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. மழையில் நனைந்து எழுத்து அழிந்தால், அட்டையை மட்டும் யாரோ பொறுப்பாகப் புதிதாக மாற்றினார்கள். ஊர் எல்லையில் சூசையின் பஞ்சர் கடைக்குப் போனால்தான் உண்டு.

ஒருநாள் காலையில் சூசை பின் டயருக்கு முப்பத்திரண்டு பாயிண்ட் காற்று அடித்துவிட்டு, “முன்னாடியும் கொறச்சலாத்தான் தெரியுது. பாத்துருவமா?” என்று கேட்டார்.

“நேரமாச்சு சூசை, அது என்ன சுமக்கவா போகுது? இருக்கட்டும்” என்றார் செண்பகராஜ். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, “சொந்தமா ஒரு கேஜ் வாங்கிப் போட்டுட்டா, சும்மா சும்மா உம்மைத் தேடி வரவேண்டாம்லா?” என்றும் சொன்னார்.

நல்ல யோசனைதான். நல்ல யோசனையையும் கெடுத்துக்கொள்ள நமக்கு வழி தெரியும்.

ஆட்டோ சாமான் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றின் அளவைப் பார்க்கும் இரண்டு கேஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பேனா மாதிரி ஒல்லியானது. டயரின் வால்வில் வைத்து அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு குச்சி வெளியே வந்து அளவைச் சொல்லும். மற்றதற்கு ஒரு சோற்றுக் கரண்டி அளவுக்கு வட்டமான முகம், பித்தளை விளிம்பு, சிவப்பு முள், ரப்பர் குழாய், பக்கவாட்டில் ஒரு பித்தளைப் பொத்தான். அந்தப் பொத்தானை அமுக்கினால் டயரில் இருக்கும் காற்றை இறக்கலாம். ஏற்றுவதற்குப் பொத்தான் கிடையாது.

“நான் ஐம்பது வரைக்கும் சொல்லுவேன்” என்றது பேனா கேஜ். “மோட்டார் சைக்கிளுக்கு அது தாராளமாகப் போதும்.”

“ஐம்பதா?” என்றது வட்டமானது. “ஐம்பது வரைக்கும் எனக்குத் தூக்கமே கலையாது. என் முகத்தைப் பார், இருநூறு வரை எழுதியிருக்கிறது. லாரிகள் என் முன்னால் வந்து நின்று அடங்கியிருக்கின்றன.”

உண்மையில் அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே போனதே இல்லை. ஆனால் பேனா கேஜுக்கு எதிர்த்துப் பேசும் வழக்கமில்லை.

செண்பகராஜின் கண் நேராக வட்ட முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. “அதை எடுங்க” என்றார்.

“அது லாரிக்கு உள்ளதுங்க” என்றார் கடைக்காரர்.

“லாரியே இது சொன்னாக் கேக்குதுன்னா, நம்ம வண்டி கேக்காமப் போயிருமா?”

இந்த நியாயத்துக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. சண்முகத்தாயிடம் இருந்தது. “ஏங்க, நம்ம டயருக்கு எம்புட்டுக் காத்து வேணும்?”

“பின்னாடி முப்பத்திரண்டு. முன்னாடி இருவத்தஞ்சு.”

“இதுல இருநூறு வரைக்கும்லா போட்டுருக்கு. முப்பத்திரண்டு எங்ஙன இருக்குன்னு தேடுததுக்கே கண்ணாடி போடணும் போலுக்கே. நாலு ஏலக்காய நிறுக்கதுக்குப் பருத்தி மண்டித் தராச வாங்குத மாரி இருக்கு.”

“பெருசு பெருசுதான் தாயி” என்றார் செண்பகராஜ். அதோடு பேச்சு முடிந்தது. பேனா கேஜ் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வட்டமானது பையில் ஏறியது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பை நழுவி, வாங்கி வந்த கேஜ் சிமெண்டுத் தரையில் விழுந்து டங் என்றது. செண்பகராஜ் பதறிப்போய் எடுத்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. “ஒண்ணும் ஆகல” என்று சந்தோஷப்பட்டார். கண்ணாடியைப் பார்த்தாரே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

டயர்கள் புதிதாக வந்தவரை வட்டமுகத்தார் என்று அழைத்தன. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ‘நீ’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இனி, அளப்பது எப்போது? காலையில் செண்பகராஜுக்கு நேரமில்லை. அதோடு, காலையில் தெருவில் ஆளும் இல்லை. புதிதாக ஒரு பொருள் வாங்கினால் நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஆகவே அளப்பது சாயங்காலம் என்று முடிவானது. வண்டி வந்து நின்றதும், டீயைக் குடித்துவிட்டு, எதிர் வீட்டுப் பால்ச்சாமி வாசலுக்கு வந்துவிட்டாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, செண்பகராஜ் வட்டமுகத்தாரை வெளியே எடுத்தார்.

பின் டயர் அப்போதுதான் ஓடி முடித்திருந்தது. தார் கொதித்த சாலையில், முதுகில் இரண்டு ஆளோடும் டின்களோடும் அன்றைய ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தது. தொட்டால் கை சுடும். வால்வின் தலையில் இருந்த சின்னக் கறுப்பு மூடியைச் செண்பகராஜ் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வட்டமுகத்தார் வால்வில் வாயை வைத்தார். சிவப்பு முள் நகர்ந்தது.

“நாப்பத்தொண்ணு!” என்றார் செண்பகராஜ்.

“முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று” என்றார் வட்டமுகத்தார், டயருக்கு மட்டும் கேட்கும்படி. “உனக்கு எவ்வளவு திமிர்!”

“திமிரு இல்லீங்க ஐயா” என்றது பின் டயர். “காலையில முப்பத்திரண்டுதான் இருந்தேன். வெயில்ல பாரம் இழுத்துட்டு வந்தது, உடம்பு சூடாயிருக்கு. சூட்டுல உள்ள இருக்கிற காத்து விரியுமில்லையா? ஆற விட்டுட்டுக் காலையில கேளுங்க. சரியா இருப்பேன்.”

“காரணம் சொல்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.”

உள்ளங்கையில் இருந்த மூடிக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, வேலை முடிஞ்சு வந்து நிக்கிறவன் உடம்பு சூடாத்தானே இருக்கும்? அதைப் போயித் திமிருங்கிறீங்களே?”

“கழற்றிக் கையில் வைத்தவுடன் உனக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டதா?” என்றார் வட்டமுகத்தார். “நான் காரணங்களை அளப்பதில்லை. அளவை மட்டும்தான் அளப்பேன். அதிகமா இல்லையா? அதிகம். பேச்சு முடிந்தது.”

பால்ச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். “இம்புட்டு ஏத்தி வச்சா வெடிச்சுக்கிடும்யா. இறக்கிவிடும், இறக்கிவிடும்” என்றார். அவரிடம் வண்டியே கிடையாது. இருந்தாலும் வண்டிகளைப் பற்றிய பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

செண்பகராஜ் பித்தளைப் பொத்தானை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. முள் முப்பத்திரண்டுக்கு வந்ததும் விரலை எடுத்தார். பால்ச்சாமி தலையை ஆட்டினார். தெருவுக்கே ஒரு பெரிய ஆபத்து நீங்கியதைப் போல இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்தது முன் டயர். அதில் காற்று குறைவாக இருந்தது. சூசை பார்த்தவுடனே சொன்ன விஷயம் அது. முன் டயருக்கும் அது தெரியும். வட்டமுகத்தார் வாயை வைத்ததும், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பிள்ளையைப் போல அது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

“இருபத்தைந்து!” என்றார் வட்டமுகத்தார். “கச்சிதம். எவ்வளவு அடக்கம், எவ்வளவு பணிவு! பின்னால் இருப்பவன் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

“எல்லாம் ஐயாவோட ஆசீர்வாதம்” என்றது முன் டயர்.

மறுநாள் சாலையில் போகும்போது பின் டயர் அதனிடம் கேட்டது. “உனக்குக் காத்து குறைச்சல்னு உனக்கே தெரியுமே. அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“மேலிடமே கச்சிதம் என்று சொன்ன பிறகு, இல்லை என்று மறுக்க நான் யார்?” என்றது முன் டயர். அந்த வார்த்தையில் அதற்கு அவ்வளவு நிம்மதி. “நீயும் கொஞ்சம் தளர்ந்து போகக் கற்றுக்கொள். விறைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?”

“நான் தளர்ந்தா பாரம் யார் மேல இறங்கும்?”

இந்தக் கேள்வியை முன் டயர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் விழாத கேள்விகளால்தான் அது இத்தனை காலம் சுகமாக உருண்டது.

அன்று சாயங்காலமும் பின் டயர் சூடாக வந்து நின்றது. முதல் நாளைவிடக் கூடுதல் சூடு. காற்று குறைந்த டயர் பாரத்தில் நசுங்கும், நசுங்கிக்கொண்டே உருண்டால் இன்னும் சுடும். வட்டமுகத்தாருக்கு அதெல்லாம் எதற்கு? “நேற்றுத்தான் இறக்கினோம், இன்று மறுபடியும் ஏறியிருக்கிறான். திருந்தாத ஜென்மம்!” என்றார். மறுபடியும் புஸ். அதற்கு மறுநாளும் புஸ். உழைக்க உழைக்கச் சூடு, சூட்டுக்குத் தண்டனையாகப் புஸ், தண்டனை கொடுக்கக் கொடுக்க அதைவிடச் சூடு. இந்தக் கூத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று நினைத்துக்கொண்டு வட்டமுகத்தார் மனநிறைவோடு வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் தூங்கப் போனார்.

இறக்க ஒரு விரல் போதும். ஏற்ற வேண்டுமென்றால் ஊர் எல்லைக்குப் போக வேண்டும். சொந்தமாகக் கேஜ் வந்துவிட்டதால் சூசையின் கடைப் பக்கம் வண்டி போவதே இல்லை.

சண்முகத்தாய்க்கு மட்டும் ஏதோ சரியாகப் படவில்லை. “ஏங்க, பின்னாடி உக்காந்தா வண்டி ஆடுத மாரி இருக்கு. முன்ன இப்பிடி இல்லையே.”

“ரோடு அப்பிடி.”

“ரோடு நேத்தா போட்டாங்க?”

“தாயி, தெனமும் கேஜ் வச்சுப் பாக்கேன்ல. ஒனக்கு என்ன தெரியும்?” என்றார் செண்பகராஜ். அளக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை அவர் குனிந்து டயரைப் பார்த்திருப்பார். அளந்துவிட்டதால் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அந்த மாதம் தெற்கே ஓர் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. கொடைக் கமிட்டிக்காரர்கள் மொத்தக் காரச்சேவையும் சண்முகத்தாயிடமே கேட்டிருந்தார்கள். அவள் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று, கரண்டியில் மாவை வைத்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து டின்களை நிரப்பினாள். கொடையன்று காலையில் வண்டியில் டின்கள் மூன்றடுக்காக ஏறின. அதற்கு நடுவில் கிடைத்த இடத்தில், மடியில் ஒரு தூக்குவாளியோடு அவளும் ஏற வேண்டும்.

பின் டயர் அதையெல்லாம் பார்த்தது. தன்னிடம் மிஞ்சியிருக்கும் காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியும். டின் கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம். அவளைக் கீழே போட்டுவிடக் கூடாது. அதற்கு இருந்த கவலை அந்த ஒன்றுதான்.

“ஐயா” என்று பெட்டிக்குள் இருந்தவரைக் கூப்பிட்டது. “இப்ப ஆறியிருக்கேன். உடம்புல சூடு இல்ல. இப்ப ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. உங்க சொல்லை வச்சுத்தான் அவரு நம்புறாரு. நீங்க குறைச்சல்னு சொன்னா சூசை கடைக்குக் கொண்டுபோயிருவாரு.”

“காலையில் நான் யாரையும் பார்ப்பதில்லை” என்றார் வட்டமுகத்தார்.

“அந்தம்மா உக்காரப் போறாங்க ஐயா. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

“காலையில் கேட்டால் எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். வேலை முடிந்து வரும்போதுதான் ஒருவனுடைய சுயரூபம் தெரியும். போ, சாயங்காலம் விசாரித்துக்கொள்கிறேன்.”

முன் டயர் குறுக்கே புகுந்தது. “பெரியவர்களை எந்நேரமும் தொந்தரவு செய்யாதே. கிளம்புகிற நேரத்தில் அபசகுனமாக என்ன பேச்சு இது?”

சண்முகத்தாய் வண்டியைச் சுற்றி வந்து பின்னால் குனிந்தாள். “ஏங்க, இங்கன வந்து பாருங்க. டயரு தரையோட அமுங்கிப் போயி நிக்கி.”

“பாரம் ஏத்துனா அமுங்கத்தான் செய்யும். நேத்து சாயங்காலம்தான பாத்தோம், முப்பத்திரண்டு கச்சிதமா இருந்துச்சு. ஏறு, கொடைக்கு நேரமாகுது.”

அவள் ஏறினாள். டயருக்கு எலும்பு இருந்திருந்தால் அந்த நேரத்தில் முறிந்திருக்கும். இல்லாததால் நசுங்கிக்கொண்டு உருண்டது.

ஊர் தாண்டி, பருத்திக் காடு தாண்டி, ஓடைப் பாலம் வந்தது. பாலத்தின் ஏற்றத்தில் தார் பெயர்ந்து ஒரு கருங்கல் துருத்திக்கொண்டு நின்றது. காற்று நிறைய இருந்த நாட்களில் பின் டயர் அதே கல்லின் மேல் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. அன்று அந்தக் கல் ரப்பரை நசுக்கிக்கொண்டு நேராக உள்ளே இரும்புச் சக்கரத்தில் போய் இடித்தது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட டயரின் விலா கிழிந்தது.

மிச்சமிருந்த காற்று ஒரே மூச்சாக வெளியே போனது. டயர் சக்கரத்தை விட்டுக் கழன்று போயிருந்தால் வண்டி அந்த இடத்திலேயே பாலத்துக்கு வெளியே தூக்கி எறியப்பட்டிருக்கும். பின் டயர் கழலவில்லை. கிழிந்த உடம்போடு சக்கரத்தைக் கவ்விக்கொண்டு, தாரில் தேய்ந்து புகைந்து, பாலத்தைத் தாண்டும்வரை விடவே இல்லை. அதற்குப் பிறகு அதனால் முடியவில்லை. வண்டி சரிந்தது.

செண்பகராஜுக்கு முழங்காலில் சிராய்ப்பு. டின்கள் உருண்டு வாய் திறந்து, காரச்சேவெல்லாம் கரிசல் மண்ணில் கொட்டியது. சண்முகத்தாய் சாலையோரத்தில் விழுந்திருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அது அவள் சேவு தேய்க்கும் கை.

செண்பகராஜ் அவளைத் தூக்கி ஒரு வேலிக்கருவை மர நிழலில் உட்கார வைத்தார். எங்கெங்கோ போன் செய்தார். சூசை தன் குட்டி வேனை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அதற்கப்புறம் செண்பகராஜ் செய்த காரியம்தான் காரியம். பெட்டியைத் திறந்து வட்டமுகத்தாரை எடுத்து, கிழிந்து கிடந்த டயரின் வால்வில் வைத்தார்.

“கை ஒடிஞ்சு உக்காந்துருக்கேன்” என்றாள் சண்முகத்தாய். “அங்க என்ன காத்து பாக்கீங்க?”

“அஞ்சு இருக்கு தாயி” என்றார் அவர், ஏதோ நல்ல சேதியைச் சொல்வதைப் போல.

“ஐந்து இருக்கிறதே!” என்று வட்டமுகத்தாரும் சீறினார். “ஐந்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் படுத்துக்கிடக்கிறாயா? மனம் இருந்தால் இந்த ஐந்தை வைத்தே ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாமே! சோம்பேறி!”

பின் டயர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக் காற்று வேண்டும்.

சண்முகத்தாய் கிழிந்த இடத்தைப் பார்த்தாள். கையை உள்ளே விடலாம், அவ்வளவு பெரிய கிழிசல். “இம்புட்டுக் கிழிஞ்சதுக்குள்ள எப்பிடிங்க அஞ்சு காத்து இருக்கும்? இங்கிட்டுக் குடுங்க” என்று இடது கையை நீட்டினாள். செண்பகராஜ் கொடுத்தார். அவள் அந்தப் பெரிய முகத்தைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“இப்ப இத எதுல வச்சுருக்கேன்?”

“ஒண்ணுலயும் வைக்கல.”

“வாங்க, வந்து முள்ளப் பாருங்க.”

செண்பகராஜ் குனிந்து பார்த்தார். எதிலும் வைக்காமல், வெறும் கையில் இருந்த வட்டமுகத்தாரின் சிவப்பு முள் ஐந்தில் நின்றது. இருநூறு வரை எழுதிய முகத்தில் அந்த ஐந்து ஓர் எறும்பு நகர்ந்த தூரம்தான். ஆகவே அது இத்தனை நாளாக யார் கண்ணிலும் படவில்லை. வாசலில் விழுந்த அன்றைக்கே முள் தன் இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. இல்லாத ஐந்தைச் சேர்த்துத்தான் அது எல்லாருக்கும் தீர்ப்பு எழுதியது. தளர்ந்து கிடந்த முன் டயருக்குக் கச்சிதப் பட்டமும், உழைத்துச் சுட்ட பின் டயருக்குத் திமிர்ப் பட்டமும் கிடைத்தது அப்படித்தான்.

“அப்ப நாந்தான்…” என்றார் செண்பகராஜ். “தெனமும் நல்ல காத்தப் புடுங்கி விட்டுருக்கேன்.”

சண்முகத்தாய் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் துளியும் இல்லை. “பெருசு பெருசுதான்” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேன் வரும்வரை நிமிரவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சண்முகத்தாயின் கைக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகும் பழைய வேகத்தில் தேய்க்க வரவில்லை. செண்பகராஜ் மாவு தேய்க்கப் பழகினார், அவள் பக்கத்தில் நின்று தப்பு சொன்னாள். புதுப் பின் டயரோடு, கடையில் கிடந்த பேனா கேஜும் வீட்டுக்கு வந்தது. இப்போது காலையில், வண்டி கிளம்பும் முன்னால், டயர்கள் ஆறியிருக்கும்போது கேட்கிறார்கள். பால்ச்சாமி வந்து பார்ப்பதில்லை, அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. முதல் நாள் பேனா கேஜ் முன் டயரைக் கேட்டுவிட்டு, “இருபதுதான் இருக்கிறது” என்றது. முன் டயர், தன் வாழ்நாளிலேயே இவ்வளவு பெரிய அவமானம் பட்டதில்லை என்று புலம்பிக்கொண்டே காற்றை வாங்கிக்கொண்டது.

செத்துப்போன பின் டயரைச் சூசை தன் கடைக்கு எடுத்துப்போனார். வெள்ளைப் பெயிண்டில் அதன் மேல் ‘பஞ்சர்’ என்று எழுதி, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி சாலையோர வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பாரம் எதுவும் இல்லாமல், கிழிந்த விலா வழியே காற்று போய் வர, அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

வட்டமுகத்தாரையும் செண்பகராஜ் அங்கேதான் விட்டுவிட்டுப் போனார். சூசை அவரை மரத்தடியில் இருந்த பழைய இரும்பு டப்பாவில், வளைந்த ஆணிகளுக்கும் துருப்பிடித்த நட்டுகளுக்கும் நடுவில் போட்டார். முகத்தில் இன்னும் ஒரு கீறல் இல்லை. அவர் அண்ணாந்து, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்த டயரைப் பார்த்தார். பிறகு தன் முள்ளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த நட்டுகளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“பார்த்தீர்களா, செத்த பிறகும் அவனிடம் ஐந்து பாயிண்ட் திமிர் மிச்சம் இருக்கிறது.”